மற்றவர் கண்ணில் படும்படி உடுத்துங்கள்

நடைப்பயிற்சி செல்லும், மிதிவண்டி ஓட்டும் மூத்தோருக்கான வழிகாட்டி

காலை 6 மணி. தேக்கா சந்தைக்குப் போனால் கீரை வாடாமல் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. நீங்கள் பழுப்புச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, மிதிவண்டியில் கூடையை மாட்டிக்கொண்டு புளோக்கைவிட்டுக் கிளம்புகிறீர்கள். தெருவிளக்குகள் எரிகின்றன. எதிரே வரும் வாகனங்களின் விளக்குகள் உங்களுக்கு நன்றாகத் தெரிகின்றன. ஆகவே, அந்த வாகனங்களை ஓட்டுபவர்களுக்கும் நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள் என்று நினைக்கிறீர்கள்.

பெரும்பாலும் அது உண்மையல்ல. விளக்குடன் வரும் வாகனம் இருட்டில் தெளிவாகத் தெரியும். விளக்கில்லாமல், அடர்நிற உடையில் செல்பவர் இருட்டோடு கலந்துவிடுவார். நமக்கு அவர் தெரிகிறார் என்பதால் அவருக்கும் நாம் தெரிகிறோம் என்று நினைப்பது எல்லா வயதினரும் செய்யும் தவறு. ஆனால் ஒரே மாதிரியான மோதலில் இளையர் சில வாரங்களில் எழுந்து நடந்துவிடலாம். 70 வயதைத் தாண்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்குத் திரும்பாமலே போகலாம்.

அதற்காக வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று இந்தக் கையேடு சொல்லவில்லை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்வது மூத்தோருக்கு நல்லது. நடையும் மிதிவண்டியும் அதற்கு எளிய வழிகள். நாள்தோறும் வெளியே சென்று, நலமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு நீங்கள் உடுத்தும் உடையும் உதவும்.

இருட்டு எப்போது தொடங்குகிறது?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. அதனால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதித்து, ஏறத்தாழ மாலை 7 மணிக்கு மறைகிறது. விடியலும் அந்தியும் நம் நாட்டில் நீண்ட நேரம் நிற்பதில்லை. சூரியன் மறைந்த சுமார் 20 நிமிடத்தில் இருட்டிவிடும்.

காலை 6 மணிக்குச் செல்லும் நடை, முழு இருட்டில் செல்லும் நடை. மாலை 6.45 மணிக்குக் கோயிலுக்கோ கடைக்கோ கிளம்பினால், போகும்போது வெளிச்சம் இருக்கும், திரும்பும்போது இருக்காது. உடையைத் தேர்ந்தெடுக்கும்போது கிளம்பும் நேரத்தை மட்டும் பார்க்காமல், வீடு திரும்பும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள்.

ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் கார் 20 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். பிறகு பிரேக் பிடித்து நிற்கக் குறைந்தது இன்னும் 14 மீட்டராவது தேவை. ஆக மொத்தம் சுமார் 35 மீட்டர். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில், தாழ்த்திய முன்விளக்கில், அடர்நிற உடை அணிந்தவர் ஏறத்தாழ 25 முதல் 30 மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படுவார். நிற்பதற்கு 35 மீட்டர் வேண்டும், ஆனால் தெரிவதே 30 மீட்டரில்தான். கவனமான ஓட்டுநராலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை அணிந்தவரோ 130 மீட்டர் தூரத்திலேயே தெரியத் தொடங்குவார்.

சிங்கப்பூரில் தெருவிளக்குகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சாலையோர மரங்களின் நிழல், நிறுத்திவைத்த லாரிகளின் நிழல், ஐந்தடிப் பாதையின் தூண்கள் ஆகியவற்றுக்குப் பின்னாலிருந்து நீங்கள் வெளிப்படும்போது, அந்த விளக்குகள் உங்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

மூன்று வகைத் துணிகள்

பளிச்சென்று இருக்கும் எல்லாத் துணியும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் வேலை செய்யும் நேரம் வேறு.

1. வெளிர்நிறத் துணி. வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் போன்றவை. இவை எந்த நேரத்திலும் கறுப்பையும் கருநீலத்தையும்விட நன்றாகத் தெரியும். இரவில் இவை மட்டும் போதாது.

2. ஒளிரும் நிறத் துணி. புத்தகத்தில் வரிகளைக் குறிக்கும் பேனாவின் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் இருக்கும். சூரிய ஒளியில் உள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை இத்துணி நாம் காணக்கூடிய ஒளியாக மாற்றுகிறது. அதனால்தான் பகலிலும், மேகமூட்டத்திலும், அந்தியிலும் அது தானாக ஒளிர்வதுபோல் தோன்றுகிறது. இரவில் சூரியன் இல்லை. தெருவிளக்கிலும் காரின் விளக்கிலும் அந்தக் கதிர்கள் மிகக் குறைவு. ஆகவே இரவில் அது சாதாரண மஞ்சள் சட்டைதான். பலர் தெரியாமல் ஏமாறும் இடம் இது.

3. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. பகலில் சாம்பல் நிறத்தில், கவர்ச்சியில்லாமல் இருக்கும். அதில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். காரின் விளக்கொளி அதன்மேல் பட்டதும், வந்த திசையிலேயே, அதாவது ஓட்டுநரின் கண்ணை நோக்கியே திரும்பிச் செல்லும். இரவில் இதற்கு இணையான துணி வேறில்லை. ஆனால் விளக்கொளி மேலே பட்டால்தான் இது வேலை செய்யும்.

சுருக்கமாக: பகலுக்கும் அந்திக்கும் ஒளிரும் நிறம், இருட்டுக்கு ஒளி திருப்பும் பட்டை. இரண்டும் சேர்ந்த மேலங்கியோ சட்டையோ இருந்தால் எல்லா நேரத்திற்கும் ஏற்றது.

எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது?

பஃபலோ சாலைப் பக்கம் பூக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பச்சை இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறச் செவ்வந்தி தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். வாழையிலை மேல் வைத்த வெற்றிலை அப்படித் தெரியாது. நிறம் மட்டும் காரணமல்ல. அது எதற்கு முன்னால் இருக்கிறது என்பதும் காரணம்.

நம் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மரங்கள் அடர்ந்த சாலைகளிலும் பின்னணி பச்சை. அங்கு பச்சைச் சட்டை மறைந்துவிடும். பச்சை கலந்த மஞ்சள்கூடச் சற்று மங்கும். ஆரஞ்சும் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் நன்றாக எடுத்துக்காட்டும். கடைவீதிகளில் பின்னணி வேறு. சிராங்கூன் சாலையில் விளம்பரப் பலகைகள், துணிக்கடைப் புடவைகள், விளக்கு அலங்காரங்கள் என்று எல்லா நிறமும் இருக்கும். அங்கே பல வண்ணப் பூப்போட்ட சட்டையைவிட, ஒரே நிறத்தில் அகலமாகத் தெரியும் சட்டைதான் தனித்து நிற்கும்.

சிவப்பு நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் எடுப்பாகத் தெரியும் சிவப்பு, வெளிச்சம் குறையக் குறையக் கறுப்பாகத் தோன்றத் தொடங்கும். மங்கிய ஒளியில் மனிதக் கண் சிவப்பை எளிதில் உணராது என்பதே காரணம். செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். அரக்குப் புடவையும் கருஞ்சிவப்புச் சட்டையும் அந்தி நேரத்தில் கறுப்புக்குச் சமம்.

முழங்காலையும் கணுக்காலையும் மறக்காதீர்கள்

பட்டையை எங்கே அணிவது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொதுப் போக்குவரத்து இல்லாத ஒரு சாலையில் இரவில் ஒரு சோதனை செய்தனர். வெவ்வேறு உடைகளில் மிதிவண்டியோட்டிகளை நிறுத்தி, காரில் வருவோர் அவர்களை அடையாளம் காண்கிறார்களா என்று பார்த்தனர்.

• கறுப்பு உடை: 2 விழுக்காடு முறைதான் அடையாளம் காணப்பட்டது.
• ஒளிரும் நிற மேலங்கி: 15 விழுக்காடு.
• ஒளி திருப்பும் பட்டையுள்ள மேலங்கி: 50 விழுக்காடு.
• அதே மேலங்கியுடன் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டைகள்: 90 விழுக்காடு.

கணுக்காலில் ஒரு சிறிய பட்டை ஏன் இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது? நெஞ்சில் உள்ள பட்டை அசையாமல் இருப்பதால், அதைப் பார்ப்பவருக்கு அது சாலையோரப் பலகையாகவும் தோன்றலாம். கணுக்காலில் உள்ள பட்டையோ மேலும் கீழுமாக அசைகிறது. அந்த அசைவைக் கண்டதும் ‘இது ஒரு மனிதர்’ என்று மூளை உடனே புரிந்துகொள்கிறது. மேலும், தாழ்த்திய முன்விளக்கின் ஒளி முதலில் படுவது கால்களில்தான்.

நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலங்கி அணிய விருப்பமில்லையா? இரண்டு கணுக்காலிலும் ஒரு மணிக்கட்டிலும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். அதுவே நல்ல தொடக்கம்.

விளக்கு: இது சட்டம்

உடை உங்கள் விருப்பம், விளக்கு அப்படியல்ல. இரவு 7 மணிமுதல் காலை 7 மணிவரை மிதிவண்டியில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரியவேண்டும். நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்பதை மற்றவர் இந்த இரண்டு நிறங்களை வைத்தே அறிகிறார்கள். முன்னால் சிவப்பு விளக்கை மாட்டினால் அவர்கள் குழம்பிப்போவார்கள்.

முன்விளக்கைச் சற்றே தரையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். எதிரே நடந்து வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அவரைத் தடுமாறி விழவைக்கலாம். கூடையில் வைக்கும் கீரைக்கட்டோ, பின்இருக்கையில் கட்டும் பையோ விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

நினைவில் வைக்கவேண்டிய மற்ற விதிகள்:

• சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம். 2019 பிப்ரவரி 1 முதல் இது நடப்பில் உள்ளது.
• நடைபாதையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர்.
• மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே உள்ள நடைபாதை, 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது.
• மிதிவண்டியில் கைப்பிடி பிரேக் இருக்கவேண்டும். அது சரியாக வேலை செய்யவும் வேண்டும்.
• குழுவாகச் சாலையில் செல்வோர், ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் 5 பேர், இருவர் இருவராகச் சென்றால் 10 பேர் என்ற வரம்புக்குள் இருக்கவேண்டும். இவ்விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

புடவை, வேட்டி, துப்பட்டா

நம்மில் பலருக்கு மிதிவண்டி ஓட்டத் தனி உடை கிடையாது. அதில் தவறில்லை. ஆனால் தொங்கும் துணி இரண்டு வகையில் ஆபத்தை உண்டாக்கும். சங்கிலியிலோ சக்கரக் கம்பியிலோ சிக்கினால் கீழே தள்ளிவிடும். பின்விளக்கை மூடினால் உங்களை மறைத்துவிடும்.

புடவை முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு முடிச்சிடுங்கள். வேட்டியோ கைலியோ கட்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. காற்சட்டையின் கால் பகுதி அகலமாக இருந்தால் கணுக்காலில் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். துணியும் சிக்காது, ஓட்டுநருக்கும் தெரிவீர்கள்.

பின்இருக்கையில் மனைவியோ பேரப்பிள்ளையோ உட்கார்ந்து வந்த காலத்து நினைவு உங்களுக்கு இருக்கலாம். இன்று, அதற்கென அமைந்த இருக்கை இல்லாத மிதிவண்டியில் யாரையும் ஏற்றவேண்டாம்.

மழையிலும் வெயிலிலும்

மழையங்கியை மேலே போட்டதும் உள்ளே உள்ள பளிச்சிடும் சட்டை மறைந்துவிடுகிறது. ஆகவே கறுப்பு, கருநீல மழையங்கியை வாங்கவேண்டாம். மஞ்சள் மழையங்கியோ, உள்ளே உள்ளது தெரியும்படியான மழையங்கியோ நல்லது. நடப்பவர்கள் கறுப்புக் குடைக்குப் பதில் வெளிர்நிறக் குடையைப் பிடிக்கலாம். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மிதிவண்டி ஓட்டவே கூடாது. இடியுடன் மழை பெய்யும்போது கூரையுள்ள இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள்.

வெளிர்நிறத் துணியால் இன்னொரு நன்மையும் உண்டு. அடர்நிறத் துணி வெயிலின் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். வயது கூடக்கூட உடலுக்கு வெப்பத்தைத் தணிக்கும் திறன் குறைகிறது. தாகமும் எளிதில் தெரிவதில்லை. தளர்வான, வெளிர்நிறப் பருத்தித் துணி அணிந்து, தண்ணீர்ப் புட்டியும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுபவர்கள், வெயிலில் எவ்வளவு நேரம் பயிற்சி செய்யலாம் என்று பலதுறை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரதம், திருவிழா, துக்க வீடு

நிறத்திற்கு நம் வழக்கத்தில் பொருள் உண்டு. அதை விட்டுவிடச் சொல்வது சரியல்ல; விடவேண்டிய தேவையும் இல்லை.

கார்த்திகை மாதத்தில் மாலை அணிந்து விரதம் இருப்பவர்கள் கறுப்போ நீலமோ உடுத்தி, விடியுமுன் கோயிலுக்கு நடந்து செல்வார்கள். உடையை மாற்றவேண்டாம். கையில் ஒரு பட்டையும் தோள்பையில் ஒரு பட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்வோருக்குப் போக்குவரத்து ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஊர்வலப் பாதையைவிட்டு விலகி, நள்ளிரவிலோ விடியுமுன்போ வீட்டுக்கு நடந்து திரும்பும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. களைப்பும் அப்போதுதான் அதிகமாக இருக்கும்.

துக்க வீட்டுக்கு ஆரஞ்சு மேலங்கியோடு போக யாருக்கும் மனம் வராது. நம் அண்டைவீட்டுச் சீனக் குடும்பங்களிலும் இறுதிச் சடங்குக்கு எடுப்பான நிறங்களில் செல்வது மரியாதையாகாது. கழற்றக்கூடிய பட்டைகளை வழியில் அணிந்திருந்து, புளோக்கின் கீழ்த்தளத்தை நெருங்கியதும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். திரும்பும்போது மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஜெர்சி அணிவதில் ஏதும் மரபு உண்டா?

சமூக மன்றக் குழுக்களோடு மிதிவண்டி ஓட்டும் மூத்தோர் சிலர் பந்தய வீரர்களின் ஜெர்சியை விரும்பி வாங்குகிறார்கள். வியர்வையை விரைவில் உலர்த்தும், முதுகில் பைகள் இருக்கும், வண்ணமும் எடுப்பாக இருக்கும். இந்த ஜெர்சிகளில் சில நிறங்களுக்குப் பொருள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரான்சில் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் 1919 முதல் மஞ்சள் ஜெர்சி அணிகிறார். அந்தப் பந்தயத்தை நடத்திய நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. இத்தாலியப் பந்தயத்தில் 1931 முதல் இளஞ்சிவப்பு. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஐந்து வண்ணக் கோடுகள் இருந்தால் அவர் உலக வெற்றியாளர். பந்தயத்தில் வெல்லாதவர் இந்த வெற்றியாளர் ஜெர்சிகளை அப்படியே போட்டுக்கொண்டு குழுவோடு ஓட்டுவதில்லை என்பது மிதிவண்டியோட்டிகளிடையே உள்ள வழக்கம். மற்றவர் வாங்கிய பதக்கத்தை நாம் கழுத்தில் மாட்டிக்கொள்ளமாட்டோம் அல்லவா? அதுபோலத்தான்.

இது சட்டமல்ல, மரியாதை பற்றிய வழக்கம் மட்டுமே. எழுத்தோ சின்னமோ இல்லாத மஞ்சள் சட்டையும் இளஞ்சிவப்புச் சட்டையும் யாருக்கும் சொந்தமல்ல. தயங்காமல் அணியுங்கள். குழுவுக்கு ஜெர்சி தைப்பதாக இருந்தால், கறுப்புதான் அழகு என்று இளையர் சொல்லக்கூடும். முதுகிலும் தோளிலும் பளிச்சிடும் நிறமும், ஓரத்தில் ஒளி திருப்பும் கோடும் இருக்கட்டும் என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பின்னால் வரும் வாகனம் பார்ப்பது முதுகைத்தான்.

“இதைப் போட்டால் நான் எப்படித் தெரிவேன்?”

மேலங்கியை வேண்டாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: “சாலை வேலை செய்பவர் மாதிரி இருக்கிறது.” இன்னொன்று: “இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த நிறமெல்லாம்?”

சாலையில் வேலை செய்பவர்கள் அந்த மேலங்கியை அணிவதற்குக் காரணம் அவர்களின் உயிர். அவர்கள் வீட்டிலும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அவர்கள் உயிரைக் காக்கும் துணி நம் உயிரையும் காக்கும். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆயினும் உங்கள் விருப்பத்துக்கும் இடமுண்டு. தோளில் குறுக்காக அணியும் பட்டை, பளிச்சிடும் தொப்பி, ஓரக்கோடு வைத்த டீ-சட்டை, பையில் தொங்கவிடும் சிறிய வில்லை எனப் பல வகைகள் கிடைக்கின்றன. வீட்டில் அலமாரிக்குள் கிடக்கும் விலையுயர்ந்த மேலங்கியைவிட, நீங்கள் நாள்தோறும் அணியும் சிறிய பட்டை மேலானது.

டென்மார்க்கில் சுமார் 6,800 மிதிவண்டியோட்டிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2012, 2013ஆம் ஆண்டுகளில் நடந்தது. பாதிப் பேருக்கு மஞ்சள் மேலங்கி கொடுக்கப்பட்டது. அதை அணிந்தவர்களிடையே, மற்றவருடன் மோதிக் காயமடைந்த விபத்துகள் 38 விழுக்காடு குறைவாக இருந்தன.

உடை செய்யாத வேலை

பளிச்சிடும் உடை உங்களைக் காட்டும், வாகனத்தை நிறுத்தாது. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், மிதிவண்டியோட்டியின் உடை எந்த நிறத்தில் இருந்தாலும், வாகனங்கள் அவரை முந்திச் செல்லும்போது விட்ட இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. ஆகவே:

• லாரி, பேருந்தின் பக்கவாட்டில் நிற்காதீர்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் படாத இடத்தில் எந்த நிறமும் உதவாது.
• சாலையைக் கடக்குமிடத்தில் நின்று, இருபுறமும் பார்த்து, பிறகு கடந்து செல்லுங்கள். பச்சை விளக்கு எரிந்தாலும் திரும்பும் வாகனங்களைப் பாருங்கள்.
• நடந்து கடப்பவர்கள், வசதியுள்ள இடங்களில் மூத்தோர் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும். வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.
• ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூட்டம் அதிகம். ஐந்தடிப் பாதையிலும் கடைகளுக்கு முன்னும் மிதிவண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.
• பாதையின் இடப்பக்கமாகச் செல்லுங்கள். முந்துவதற்கு முன் மணியை ஒருமுறை மெதுவாக அடியுங்கள். முன்னால் செல்பவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். அவர் ஒதுங்கும்வரை பொறுத்திருந்து, நன்றி சொல்லிக் கடந்து செல்லுங்கள்.

நீங்களே ஓட்டுநராக இருந்தால்

டாக்சி, வேன், கார் ஓட்டும் மூத்தோரும் இதைப் படிப்பீர்கள். வயதாகும்போது கண்ணின் பாவை சிறிதாகிறது, கண்வில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் கண்ணின் உட்புறத்தை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கருநீலக் காலுறைக்கும் கறுப்புக் காலுறைக்கும் வித்தியாசம் தெரியாமல் நீங்கள் திணறியிருந்தால், அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மேற்சொன்ன ஆஸ்திரேலியச் சோதனையிலும் மூத்த ஓட்டுநர்கள் இளையரைவிடக் குறைவான முறையே மிதிவண்டியோட்டிகளை அடையாளம் கண்டார்கள்.

எதிர்வரும் விளக்குகள் முன்பைவிட அதிகமாகக் கண்ணைக் கூசவைத்தாலோ, விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ கண்புரையாக இருக்கலாம். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டுநருக்கு மட்டுமல்ல, நடப்பவருக்கும் மிதிவண்டியோட்டிக்கும் நல்ல பார்வை வேண்டும்.

துணியைப் பராமரிப்பது

ஒளிரும் நிறம் வெயிலில் நாளடைவில் வெளுத்துப்போகும். துவைத்தபின் நிழலில் காயவையுங்கள். ஒளி திருப்பும் பட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவேண்டாம். கடினமாகத் தேய்க்கவும் வேண்டாம். பலமுறை துவைத்தால் அதன் ஆற்றல் குறையும். அழுக்குப் படிந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இன்றிரவே செய்து பார்க்கலாம். நீங்கள் வழக்கமாக அணியும் உடைகளையும் பட்டையையும் அறையின் ஒரு பக்கம் தொங்கவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று, கைவிளக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்து அடியுங்கள். எது முதலில் தெரிகிறது, எது தெரியவே இல்லை என்று பாருங்கள். பட்டை ஒளிராமல் மங்கலாக இருந்தால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செய்யுங்கள். அவர்களும் இரவில் மிதிவண்டி ஓட்டுபவர்கள்தான்.

கிளம்புமுன் வாசலில் நின்று பாருங்கள்

• மேலுடை வெளிர்நிறமா, பளிச்சிடும் நிறமா?
• கணுக்காலில் பட்டை இருக்கிறதா?
• முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிகின்றனவா?
• தொங்கும் துணியைச் செருகிவிட்டீர்களா?
• தலைக்கவசம், தண்ணீர், கைப்பேசி எடுத்துக்கொண்டீர்களா?

பட்டைகளைச் சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். சாவியை எடுக்கும்போது அதுவும் கையில் வரும்.

விபத்து நேர்ந்தால், லேசான அடி என்று தோன்றினாலும் தலையில் அடிபட்டிருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது மிக முக்கியம். அவசர மருத்துவ வாகனத்திற்கு 995, காவல்துறைக்கு 999.